ஆட்சேபனை சொல்ல யாருக்கு உரிமை? எரிவாயுக் குழாயும் இருபத்தொரு நாளும்

போன மாதம் மதுரையில் ஒரு படிப்பு வட்டம். கூட்டம் முடிந்து மாட்டுத்தாவணியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டார்: "தோழர், எங்க ஊரு வயல்ல எச்சரிக்கைக் கல்லு நட்டிருக்காங்க. அடியில குழாய் போகுதாம். ஊர்த்தெருவுல ஆபீசர் வந்து பேசிருக்காங்க, காசு குடுத்திருக்காங்க. எங்க தெருவுல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ஏன்?"

"உங்க தெருவுல யாருக்கும் அந்த வயல்ல பட்டா இல்லைம்மா, அதான்" என்றேன்.

"ஆனா நாத்து நடுறதும் களை பறிக்கிறதும் நாங்கதானே?"

டீ ஆறும்வரை நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் 1891-லிருந்து தொடங்க வேண்டும். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மதுரைக்குக் குழாய் புதிய சங்கதி இல்லை. சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குப் பெட்ரோல், டீசல் கொண்டுவரும் இந்தியன் ஆயில் குழாய் 683 கிலோமீட்டர் நீளம், 2005-லிருந்து ஓடுகிறது. அடுத்து வந்தது இயற்கை எரிவாயு. எண்ணூரில் கப்பலில் வந்திறங்கும் திரவ எரிவாயுவுக்கான முனையம் 2019-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து புறப்படும் குழாய்த் திட்டத்தின் பெயரே ஒரு ரயில் வண்டிப் பெயர்போல நீளமானது: எண்ணூர்–திருவள்ளூர்–பெங்களூரு–புதுச்சேரி–நாகப்பட்டினம்–மதுரை–தூத்துக்குடி. இதில் ராமநாதபுரம்–தூத்துக்குடி துண்டு, 143 கிலோமீட்டர், 2021 பிப்ரவரி 17 அன்று பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2022 மே 26 அன்று எண்ணூர்–செங்கல்பட்டு 115 கிலோமீட்டரும், திருவள்ளூர்–பெங்களூரு 271 கிலோமீட்டரும். இப்படித் துண்டு துண்டாக விரியும் குழாயிலிருந்து கிளைகள் பிரியும். ஆலைக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. வயலுக்கடியில் கிளை பிரியும்போதெல்லாம் ஒரே மாதிரிக் காகிதங்கள்தான் நகரும். அந்தக் காகிதங்களில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதுதான் நம் கேள்வி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எரிவாயுவே வேண்டாம் என்று வாதாட நான் வரவில்லை. விறகுப் புகையில் கண் கெட்ட நம் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். குழாய் போடும் முன் நடக்கும் விசாரணை எப்படிப்பட்டது, அது யாரைக் கேட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

1962-ல் வந்த சட்டம் இது. பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் (நிலத்தில் பயன்பாட்டு உரிமை கையகப்படுத்துதல்) சட்டம், அந்த ஆண்டின் 50-ஆவது சட்டம். அசாமின் எண்ணெயை பீகாரின் பரவுனிக்குக் குழாயில் கொண்டுபோன காலம் அது. நிலத்தை முழுசாக வாங்கினால் செலவு. குழாய் மண்ணுக்கடியில்தானே கிடக்கப்போகிறது, மேலே உழுதுகொள்ளட்டும், அடியில் போக மட்டும் உரிமை எடுத்துக்கொள்வோம் என்ற யோசனை. 'கனிமம்' என்ற சொல் 1977 திருத்தத்தில் சேர்ந்தது.

நடைமுறை இப்படி. 3-ஆம் பிரிவின்படி மத்திய அரசு தன் எண்ணத்தை அரசிதழில் அறிவிக்கும். அந்த அறிவிக்கையில் மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு என்று அட்டவணை இருக்கும். 5-ஆம் பிரிவின்படி, நிலத்தில் அக்கறை உள்ள எவரும் 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபனை தரலாம். 'தகுதி வாய்ந்த அதிகாரி' என்று நியமிக்கப்பட்டவர், நேரிலோ வழக்கறிஞர் மூலமோ கேட்டு முடிவு சொல்வார். அவர் சொல்வதே இறுதி. பிறகு 6-ஆம் பிரிவில் பிரகடனம் வரும். உரிமை அரசிடம் போய், அங்கிருந்து கம்பெனிக்குப் போகும். அதற்குப்பின் அந்த நிலத்தில் பழையபடி பயிர் வைக்கலாம். வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, குளம் வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. சந்தை விலையில் 10 விழுக்காடும், பயிர்ச் சேதத்துக்கு ஈடும் கிடைக்கும்.

விதர்ப்பத்திலோ குஜராத்திலோ மதுரையிலோ, சாதாரண விவசாய நிலத்தின் வழியே போகும் குழாய் பற்றி நிலத்தோடு சம்பந்தப்பட்டவரை அரசு காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தும் ஒரே கட்டம் அந்த 21 நாள்தான். 2006 செப்டம்பர் 14-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை எடுத்துப் பாருங்கள். அதன் பட்டியலில் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் 6(அ) இனமாக வருகின்றன. ஆனால் தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை, சூழல் உணர்திறன் பகுதி வழியாகப் போனால்தான் முன் அனுமதி. மானுக்கும் பவளத்துக்கும் விசாரணை உண்டு. களத்துமேட்டுக்கும் சேரிக்கும் கிடையாது. (மான் மீது எனக்குக் கோபம் இல்லை.)

டெல்லியில் இன்னொரு அமைப்பு இருக்கிறது: பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், 2006 சட்டத்தால் வந்தது. குழாய் போட, இயக்க, விரிவாக்க இதன் அங்கீகாரம் வேண்டும். அது பொதுக் கருத்தும் கேட்கும். கேட்கும் கேள்விகள் என்ன? எவ்வளவு எரிவாயு போகும், பிற கம்பெனிகள் குழாயைப் பயன்படுத்த எவ்வளவு இடம் ஒதுக்கப்படும், கட்டணம் எவ்வளவு. பதில் எழுதுவோர் எரிவாயு விற்கும் கம்பெனிகளும் வாங்கும் ஆலைகளும். கருத்துக் கேட்பு நடக்கும் இடம் இணையதளம், மொழி ஆங்கிலம். நம் கிராமத்துக்கு அந்த வாரியம் வருவதில்லை.

ஆகவே எல்லாம் அந்த 21 நாளில் வந்து நிற்கிறது.

ஆட்சேபனையின் பழைய கதை

'ஆட்சேபனை' என்ற சொல்லுக்கு நம் மண்ணில் ஒரு வரலாறு உண்டு. 1891-ல் செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்கீர் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் என்றதும் எல்லோரும் இந்த அறிக்கையைச் சொல்வோம். அதில் வரும் ஒரு நடைமுறையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அன்றைக்குத் தரிசு நிலத்துக்கு 'தர்காஸ்து' என்ற விண்ணப்பம் போட வேண்டும். பறையர் ஒருவர் போட்டால், அந்த ஊர் மிராசுதாருக்குத் தகவல் போகும். 'எனக்கு முன்னுரிமை, நானே எடுத்துக்கொள்கிறேன்' என்று அவர் சொல்லலாம். சொன்னார்கள். உழ ஆள் வேண்டுமே. ஆளுக்குச் சொந்த நிலம் வந்துவிட்டால் யார் வந்து உழுவார்கள்?

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் கிராமங்களில் ஆட்சேபனை உரிமை முதலில் எளியவருக்குக் கவசமாக வரவில்லை. நிலம் வைத்திருந்தவர், நிலம் இல்லாதவரைத் தடுக்கப் பயன்படுத்திய தடியாகத்தான் வந்தது. 1892 செப்டம்பர் 30-இன் 1010 எண் அரசாணைகள் அந்தத் தடியைக் கொஞ்சம் ஒடித்தன. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது; பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, அதன்பின்னும் அவ்வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிபந்தனையை மீறி எவ்வளவு நிலம் கைமாறியது என்பது உங்களுக்குத் தெரியும். அதை மீட்கப் போராடிய காரணையில், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

அடுத்து 1894. நிலம் கையகப்படுத்தும் சட்டம். 'அரசே, என் நிலத்தை எடுக்காதே' என்று சொல்ல அதில் முதலில் வழியே இல்லை. எவ்வளவு பணம், எவ்வளவு அளவு என்று மட்டும் வாதாடலாம். எடுப்பதையே எதிர்க்கும் உரிமையான 5-ஏ பிரிவு 1923 திருத்தத்தில்தான் வந்தது. சட்டம் பிறந்து 29 ஆண்டுக்குப் பின். அதுவும் நிலத்தில் 'அக்கறை உள்ளவர்' என்பவருக்கே. யார் அந்த அக்கறை உள்ளவர் என்பதை ஊரில் முடிவு செய்தது யார்? கணக்குப்பிள்ளை. அவர் கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவர்.

இன்னொன்று. அறிவிப்பு வந்தால் ஊருக்கு எப்படிச் சொல்வார்கள்? தண்டோரா. அடித்தது யார்? நம் தாத்தாக்கள். இந்தச் சர்வே எண்ணை அரசு எடுக்கப்போகிறது, ஆட்சேபனை இருந்தால் இத்தனை நாளுக்குள் சொல்லவும் என்று ஊர்த்தெருவெல்லாம் பறையடித்துச் சொன்னவருக்கு, அந்த ஆட்சேபனையைச் சொல்ல இடம் இல்லை. செய்தியைச் சுமந்தவர் செய்திக்குள் இல்லை. தண்டோரா போடும் வழக்கத்துக்குத் தமிழ்நாட்டு அரசு தடை சொன்னது 2022-ல்தான். பரம்பரைக் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகள் 1980-ல் ஒழிந்தன. அவர்கள் எழுதிய கணக்கு ஒழியவில்லை. 1979-க்கும் 1987-க்கும் இடையே நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் (எல்லோரும் யுடிஆர் என்பார்கள்) அந்தக் கணக்கை நவீனமாக்கியது. பஞ்சமி நிலம் தேடிப் போகிறவர்களைக் கேளுங்கள். பழைய ஏ பதிவேட்டில் 'டி.சி.' என்று இருந்த எண் யுடிஆருக்குப்பின் யார் பெயருக்குப் போனது என்ற இடத்தில்தான் பாதிப் பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

1962 சட்டம் இந்தக் கணக்கின் மேல்தான் வந்து உட்கார்ந்தது. குழாய்க் கம்பெனியின் ஆள் கிராம நிர்வாக அலுவலரிடம் போவார். சிட்டா எடுப்பார். பட்டாதாரர் பெயரை எழுதுவார். அந்தப் பெயருக்குத் தகவல் போகும், அந்தப் பெயருக்குக் காசோலை போகும். வாரத்துக்குச் செய்கிறவர், வாய்மொழிக் குத்தகைக்காரர், ஒத்திக்குப் பிடித்தவர், கூலிக்குப் போகிறவர் எவரும் சிட்டாவில் இல்லை. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-ல் தமிழ்நாட்டில் ஒரு தனிச் சட்டம் வந்தது உண்மை. பதிவு செய்யப்போனால் அடுத்த போகம் நிலம் கிடைக்காது என்பதும் உண்மை.

பஞ்சமி நிலம் வேறொருவர் பட்டாவில் இருந்தால் இன்னும் மோசம். பத்து விழுக்காடு அவருக்குப் போவதோடு முடிவதில்லை. இன்னார்தான் உடைமையாளர் என்று சொல்லும் புதுக் கோப்பு ஒன்று, மத்திய அரசின் முத்திரையோடு, அவர் கைக்கு வந்துவிடுகிறது. நாளைக்கு நாம் மீட்கப் போனால் அதைத்தான் நீட்டுவார்.

சட்டத்தின் வரியை ஒருமுறை படியுங்கள்

இங்கேதான் சட்ட மாணவர்கள் நிதானிக்க வேண்டும். 'பட்டாதாரர் மட்டும்' என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 5-ஆம் பிரிவு, நிலத்தில் அக்கறை உள்ள 'எவரும்' என்கிறது. இழப்பீட்டைச் சொல்லும் 10-ஆம் பிரிவு இன்னும் தெளிவு. அந்தப் பத்து விழுக்காட்டை உடைமையாளருக்கும், உரிமை போனதால் நிலத்தை அனுபவிக்கும் உரிமை எவ்வகையிலாவது பாதிக்கப்பட்ட வேறு எவருக்கும் தர வேண்டும் என்கிறது. சேதத்தைக் கணக்கிடும்போது மரம், நிற்கும் பயிர், நிலம் துண்டாவது ஆகியவற்றோடு, அக்கறை உள்ளவரின் 'வருமானம்' பாதிக்கப்பட்டதையும் பார்க்கச் சொல்கிறது. குத்தகைக்காரர் இதற்குள் தாராளமாக வருவார். கூலித் தொழிலாளி வருவாரா என்பது வாதத்துக்குரியது; அவரை 'நிலத்தில் அக்கறை உள்ளவர்' என்று காட்ட வேண்டியிருக்கும், அது சுலபமில்லை. வாதாடிப் பார்க்காமல் முடியாது என்று சொல்ல நான் தயாரில்லை.

7-ஆம் பிரிவையும் படியுங்கள். அறிவிக்கைக்கு முன்பு குடியிருப்புக்குப் பயன்பட்ட நிலத்தின் அடியில் குழாய் போகக்கூடாது. வீட்டை ஒட்டிய நிலத்திலும், நிலையான கட்டடம் உள்ள இடத்திலும் கூடாது. ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குறைந்தும் கூடாது. கவனியுங்கள்: 'பயன்பட்ட' என்றுதான் இருக்கிறது. புறம்போக்கில் குடியிருந்தாலும் குடியிருப்பு குடியிருப்புதான்.

ஆனால் சுடுகாடு? சுடுகாட்டுப் பாதை? சேரிக்குப் பக்கத்தில், நாளைக்கு வீட்டுமனை கேட்டு மனுப்போட நாம் கண் வைத்திருக்கும் தரிசு? இவையெல்லாம் அட்டவணையில் அரசுப் புறம்போக்கு என்று ஒரு வரியில் முடியும். உடைமையாளர் அரசு, அரசு ஆட்சேபிக்காது. குழாய் போனபின் அங்கே கட்டடம் இல்லை. ஊர்த்தெரு விரிய நாலு பக்கமும் பட்டா நிலம் இருக்கிறது. சேரி விரிய இருந்த ஒரே பக்கம் இதுதான். 1978-ல் ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டமே போட்ட மாநிலம் இது. அந்தச் சட்டத்தில் எடுக்கக்கூடிய நிலத்தை இன்னொரு சட்டம் அடியிலிருந்து பூட்டிவிடுகிறது.

2013-ல் வந்த புதிய நிலம் எடுப்புச் சட்டத்தில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்குள் விவசாயத் தொழிலாளியும் குத்தகைதாரரும் வாரதாரரும் வந்தார்கள். சமூகத் தாக்க ஆய்வு வந்தது. பட்டியல் சாதியினருக்குத் தனிப் பிரிவு வந்தது. நல்ல சட்டம் என்று கொண்டாடினோம். கடைசிப் பக்கங்களில் நான்காம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. புதிய சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட 13 சட்டங்களின் பட்டியல். அதில் 1962 சட்டமும் ஒன்று. பின்னால் 2015-ல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டு, இழப்பீடு, மறுவாழ்வுப் பலன்களை அந்த 13-க்கும் நீட்டியது. ஆனால் குழாய் விஷயத்தில் 'நிலத்தை எடுக்கவில்லை, பயன்பாட்டு உரிமையைத்தான் எடுக்கிறோம்' என்ற பழைய வாதம் அப்படியே நிற்கிறது. 10-ஆம் பிரிவின் 10 விழுக்காடும் நிற்கிறது. உச்ச நீதிமன்றம் 2016-ல் குஜராத் விவசாயிகளின் வழக்கில் (லால்ஜிபாய் சவாலியா வழக்கு) சட்டம் செல்லும் என்றே சொன்னது. அதே தீர்ப்பில் ஒரு நல்ல வரியும் உண்டு: ஆட்சேபனை கேட்கும் அதிகாரி நீதித்துறைப் பதவியில் இருப்பவராக அல்லது இருந்தவராக, இல்லையேல் சட்டப் பயிற்சி உள்ளவராக இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பாருங்கள்.

கொங்கில் நடந்தது

தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தோடு பெரிதாக மோதியவர்கள் மேற்கு மாவட்ட விவசாயிகள். கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் கெயில் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர், 20 மீட்டர் அகலத்துக்கு. விவசாயிகள் வழியை மறித்தார்கள், நீதிமன்றம் போனார்கள். 2013 மார்ச்சில் தலைமைச் செயலாளர் அவர்களிடம் நேரில் கருத்துக் கேட்டார். மார்ச் 25 அன்று முதல்வர் ஜெயலலிதா, குழாயை வயலில் போடாமல் நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நவம்பர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்றம், இதில் தலையிட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன். அதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும். ஆனாலும் தலித் இயக்கத்துக்காரனாக ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கருத்துக் கேட்பு நடந்தது யாரிடம்? விவசாயிகளிடம். விவசாயி என்றால் நிலம் உள்ளவர். வழக்கில் பேசப்பட்ட இழப்பு, நிலத்தின் விலை குறையும் இழப்பு. தென்னை போனால் தென்னைக்காரருக்கு ஈடு உண்டு. அதில் தேங்காய் பறித்து வயிறு வளர்த்தவரின் கணக்கு அங்கே விவாதப் பொருளாகவே இல்லை. அவர்கள் வேண்டுமென்று மறைத்தார்கள் என்று சொல்லவில்லை. நாமும் போய் உட்காரவில்லை. நம் அமைப்புகளில் எத்தனை பேர் அந்தக் கோப்பில் ஒரு தனி மனு போட்டோம்? அன்று நானும் செய்தித்தாளில் படித்துவிட்டு மடித்து வைத்தவன்தான்.

வீட்டை எண்ணுவது

காசுக் கணக்கைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. உயிர். ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரியில் நகரம் என்ற கிராமம். 2014 ஜூன் 27 விடியற்காலை, கெயில் குழாயிலிருந்து கசிந்த எரிவாயு தீப்பிடித்தது. 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடுப்பு பற்றவைக்கும் நேரம்.

எரிவாயுக் குழாயின் பாதுகாப்பு விதிகளை ஒழுங்குமுறை வாரியம் 2009-ல் வெளியிட்டது. அதில் 'இட வகை' என்று ஒரு கணக்கு உண்டு. இதை ஒவ்வொரு தோழரும் தெரிந்துகொள்ள வேண்டும். குழாயின் இரண்டு பக்கமும் 200 மீட்டர், நீளத்தில் 1.6 கிலோமீட்டர் என்று ஒரு பட்டையை எடுப்பார்கள். அதற்குள் எத்தனை குடியிருப்புகள் என்று எண்ணுவார்கள். 10 அல்லது அதற்குக் குறைவு என்றால் முதல் வகை. 10-க்கு மேல் 46-க்குக் கீழ் இரண்டாம் வகை. 46-உம் அதற்கு மேலும் மூன்றாம் வகை. மாடிக் கட்டடங்கள் நெருக்கமாக இருந்தால் நான்காம் வகை. வகை ஏற ஏற, குழாயின் இரும்புக்குக் கொடுக்கும் சுமையைக் குறைக்க வேண்டும். நடைமுறையில் இரும்பு தடிமனாக வேண்டும், செலவு கூடும். ஆக, வீடுகளின் எண்ணிக்கைதான் இரும்பின் தடிமனை முடிவு செய்கிறது.

இப்போது நம் சேரியை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரைக்கடியில் மூன்று அடுப்பு. கதவு எண் ஒன்று, குடும்பம் மூன்று. புறம்போக்கில் இருக்கும் வரிசைக்குக் கதவு எண்ணே இல்லை. கிராம வரைபடத்தில் ஊர் நத்தம் கோடு போட்டிருக்கும். சேரியின் பாதி, வரைபடத்தில் தரிசாகக் கிடக்கும். பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினால் எத்தனை வரும், தெருவில் நடந்து எண்ணினால் எத்தனை வரும்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் புள்ளிவிவரமாக இருக்காது, நம் பிள்ளைகள் தூங்கும் திண்ணைக்கும் நெருப்புக்கும் நடுவே இருக்கும் இரும்பாக இருக்கும். குழாய் போட்டபின் சேரி வளர்ந்தால் வகையைத் திரும்பப் பார்க்க வேண்டும். அதை யார் போய்ச் சொல்வது?

இதே எண்ணும் வேலையை வைத்து ஒரு கறுப்பினக் குடியிருப்பு சண்டை போட்டிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் யூனியன் ஹில் என்ற இடம். உள்நாட்டுப் போருக்குப்பின் விடுதலையான அடிமைகள் குடியேறிய ஊர். அட்லாண்டிக் கோஸ்ட் என்ற எரிவாயுக் குழாய்க்கான அழுத்த நிலையத்தை அங்கே வைக்க முடிவு செய்தார்கள். பழைய அடிமைப் பண்ணையின் நிலத்தில். அங்கே 1938-இன் இயற்கை எரிவாயுச் சட்டப்படி நிலம் இல்லாதவரும் கருத்துச் சொல்லலாம், தரப்பினராகச் சேரலாம். இருந்தும் கூட்டாட்சி ஒழுங்குமுறை ஆணையம் 2017-ல் அனுமதி தந்தது. மக்கள்தொகைக் கணக்கை அகலமான பரப்பில் பார்த்தால் அங்கே கறுப்பினத்தவர் அவ்வளவு அதிகம் இல்லை என்பதுபோலத் தெரிந்தது. ஊர்க்காரர்கள் ஒரு மானுடவியலாளரோடு சேர்ந்து வீடுவீடாகப் போனார்கள். யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், யாருக்கு மூச்சுநோய், எங்கே அடிமைகளின் கல்லறைகள் என்று எழுதினார்கள். கணக்கு தலைகீழாகியது: நிலையத்தைச் சுற்றியிருந்தவர்களில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். 2020 ஜனவரி 7 அன்று நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த மக்களுக்கு ஏற்படும் பாதிப்பை மாநில வாரியம் ஒழுங்காகப் பரிசீலிக்கவில்லை என்று அழுத்த நிலைய அனுமதியை ரத்து செய்தது. அந்த ஜூலையில் கம்பெனிகள் முழுத் திட்டத்தையும் கைவிட்டன. இந்த ஒரு தீர்ப்பால்தான் என்று சொன்னால் அது மிகை. செலவு ஏறியது, வேறு வழக்குகளும் இருந்தன. ஆனால் வீடுவீடாக எழுதிய அந்த நோட்டு நீதிமன்றத்தில் எடுபட்டது.

நமக்குப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறதே என்பீர்கள். ஆம். 2024 நவம்பரில் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குப் போனது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7 அன்று மதுரையை நோக்கி மக்கள் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பெரிய வெற்றி. ஆனால் சுரங்கம் என்றால் மலை போகும், கோயில் போகும், குளம் போகும் என்று எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில் தெரியும். குழாய் அப்படி வராது. ஒரு கிராமத்தில் நாலு சர்வே எண்ணைத் தொடும், அடுத்த கிராமத்தில் ஆறு. எந்த ஊரும் மொத்தக் கோட்டையும் பார்ப்பதில்லை. ஆதிக்க சாதித் தெருவில் நாலு பேர் காசோலை வாங்கியதோடு அந்த ஊரில் விஷயம் முடிந்துபோகிறது. கிராம சபை ஒப்புதல் வேண்டும் என்று 1962 சட்டத்தில் இல்லை.

அதனால் அந்த மாணவிக்கு என் பதில் இது. உங்கள் ஊரில் பழைய குழாய்க்கான 21 நாள் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் இழப்பீடு யாருக்குப் போனது, உங்கள் தெரு எந்த இட வகையில் எண்ணப்பட்டிருக்கிறது என்று இன்றும் கேட்கலாம். அடுத்த கிளைக்கு அறிவிக்கை வரும்போது அட்டவணையில் உள்ள சர்வே எண்களை எடுங்கள். பழைய ஏ பதிவேட்டோடு ஒப்பிடுங்கள், 'டி.சி.' என்று இருந்தால் அந்த உரிமையை ஆட்சேபனையிலேயே எழுத்தில் வையுங்கள், நிராகரித்தாலும் கோப்பில் இருக்கும். வாரத்துக்குச் செய்பவர் பெயரில் தனி மனு. சுடுகாட்டுப் பாதைக்குத் தனி மனு. நாலைந்து பேர் டேப்பை எடுத்துக்கொண்டு கோட்டிலிருந்து 200 மீட்டர் அளந்து, அடுப்புகளை எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 21 நாள் என்பது அரசிதழ் அச்சான நாளிலிருந்து ஓடுவதில்லை. அதன் நகல் பொதுமக்களுக்குக் கிடைக்கும்படி வைக்கப்பட்ட நாளிலிருந்து என்றுதான் அறிவிக்கைகளில் இருக்கும். எந்தத் தேதியில், எந்த இடத்தில் அந்த நகல் வைக்கப்பட்டது, அங்கே சேரிக்காரர் உள்ளே போய்ப் படிக்க முடியுமா என்று தகுதி வாய்ந்த அதிகாரியை முதல் மனுவிலேயே கேளுங்கள்.